டிஃபெண்டரை அணைத்த பிறகும் பின்னணியில் ஓடுவது ஏன்? கண்டறிந்து சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்டிவைரஸ்தான் டிஃபெண்டர். அதை அணைக்க விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ‘ரியல்-டைம் புரொடெக்ஷன்’ பொத்தானை ஆஃப் செய்தாகிவிட்டது. உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்ற எச்சரிக்கையும் வந்துவிட்டது. ஆனாலும் டாஸ்க் மேனேஜரில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ என்ற வரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. 150, 200 எம்பி ராமைப் பிடித்துக்கொள்கிறது, சில வேளைகளில் டிஸ்க்கை 100 சதவீதத்துக்கு ஏற்றிவிடுகிறது. ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தால் அனுமதி மறுக்கப்படுகிறது.

கணினியில் கோளாறு எதுவும் இல்லை. பாதுகாப்பு மென்பொருள் ஐந்தாறு வேலைகளைத் தனித்தனியாகச் செய்கிறது. அந்தப் பொத்தான் நிறுத்துவது அவற்றில் ஒன்றை மட்டும்தான். எந்த வேலை இன்னும் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அதற்கு மட்டும் தீர்வு தேடலாம். முழுவதையும் அணைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இயங்கும் வீட்டுக் கணினிகளுக்கானவை. அலுவலகக் கணினிக்கு எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

முதல் படி: ஓடுவது எது என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘டீட்டெயில்ஸ்’ பகுதிக்குப் போங்கள். ‘பிராசஸஸ்’ பகுதியில் தெரிவது எளிதில் புரிவதற்காக வைத்த பெயர். கோப்பின் உண்மையான பெயர் டீட்டெயில்ஸில்தான் கிடைக்கும். அங்கே இவற்றில் சில தென்படும்:

– எம்எஸ்எம்பிஎன்ஜி (MsMpEng): டிஃபெண்டரின் முதன்மை இன்ஜின். ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள் என்று காட்டப்படுவது இதுதான்.
– நிஸ்எஸ்ஆர்வி: நெட்வொர்க் வழியாக வரும் தாக்குதல்களைக் கவனிக்கும் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் புரோகிராம்).
– எம்பிடிஃபெண்டர்கோர்சர்வீஸ்: 2023 இறுதிக்குப் பிறகு சேர்ந்த துணைச் சர்வீஸ். ‘புதிதாக ஏதோ வந்திருக்கிறதே’ என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். டிஃபெண்டரின் பகுதியே, பயப்பட வேண்டாம்.
– செக்யூரிட்டிஹெல்த்சர்வீஸ், செக்யூரிட்டிஹெல்த்சிஸ்ட்ரே: கடிகாரத்துக்கு அருகே உள்ள கேடயச் சின்னத்தையும் அறிவிப்புகளையும் கவனிப்பவை. இவை வைரஸ் தேடுவதில்லை. வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் போட்டிருந்தாலும் இவை ஓடும்.
– ஸ்மார்ட்ஸ்கிரீன்: இணையத்திலிருந்து இறக்கிய புரோகிராமைத் திறக்கும்போது அதன் நம்பகத்தன்மையைச் சோதிப்பது. ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பக்கத்தில் இதற்குத் தனிப் பொத்தான் உண்டு. ரியல்-டைம் பொத்தானுக்கும் இதற்கும் தொடர்பில்லை.
– எம்ஆர்டி: மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வரும் விண்டோஸ் அப்டேட்டோடு (கேபி890830) வந்து, ஒருமுறை ஓடி முடிந்துவிடும் நீக்கக் கருவி.
– எம்எஸ்சென்ஸ்: இது ஓடினால் கணினி ஒரு நிறுவனத்தின் டிஃபெண்டர் ஃபார் எண்ட்பாயின்ட் கண்காணிப்பில் இருக்கிறது என்று பொருள். அணைக்கும் உரிமை உங்களிடம் இல்லை. ஐடி பிரிவிடம்தான் பேச வேண்டும்.

அடுத்து, எம்எஸ்எம்பிஎன்ஜி மீது ரைட்-கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். சி டிரைவில் புரோகிராம்டேட்டா, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர், பிளாட்ஃபார்ம் என்று போய், 4.18 எனத் தொடங்கும் ஃபோல்டருக்குள் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள விண்டோஸ் டிஃபெண்டர் ஃபோல்டரில் இருக்கலாம். இந்த இரண்டையும் தவிர வேறெங்கே இருந்தாலும் சந்தேகப்படுங்கள். டிஜிட்டல் கையொப்பம் மைக்ரோசாஃப்ட்டுடையது என்பது மட்டும் போதாது. 2021 ஜூலையில், நிறுவனங்களின் கணினிகளை நிர்வகிக்கும் கசேயா மென்பொருள் வழியாகப் பரவிய ரெவில் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீய மென்பொருள்), டிஃபெண்டரின் உண்மையான பழைய கோப்பையே விண்டோஸ் ஃபோல்டருக்குள் வைத்து, அதன் மூலம் தன் தீய டிஎல்எல் கோப்பை (புரோகிராம்கள் ஏற்றிக்கொள்ளும் துணைக் கோப்பு) ஏற்றியது. கையொப்பம் அசல், இருந்த இடம் தவறு. ஆகவே இருப்பிடத்தைப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள்.

இரண்டாம் படி: அந்தப் பொத்தான் எதை நிறுத்தியது?

டிஃபெண்டரை அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

அடியில் இருப்பது கர்னல் டிரைவர்கள், அதாவது விண்டோஸின் மையப் பகுதிக்குள்ளேயே ஓடும் சிறு புரோகிராம்கள். டபிள்யூடிபூட் என்பது விண்டோஸ் எழும் முதல் நொடிகளிலேயே ஏறி, பின்னால் வரும் மற்ற டிரைவர்களைச் சோதிக்கும். இந்த ஏற்பாடு விண்டோஸ் 8 முதல் உள்ளது. டபிள்யூடிஃபில்டர் என்பது கோப்பு முறைமையின் வழியில் நிற்கும் வடிகட்டி. எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்தக் கோரிக்கை இதைக் கடந்துதான் போகும். இவற்றுக்கு மேலே முதன்மைச் சர்வீஸ். அதற்குப் பக்கத்தில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் பதிந்த நான்கு வேலைகள். தனியாக விண்டோஸ் அப்டேட் வழியாக வரும் புதுப்பிப்புகள். எல்லாவற்றுக்கும் மேலே நாம் பார்க்கும் திரை.

ரியல்-டைம் பொத்தானை அணைத்தால், கோப்பு திறக்கும் கணத்தில் நடக்கும் சோதனை மட்டும் நிற்கிறது. டிரைவர் ஏறியபடியே இருக்கும், சர்வீஸும் நினைவகத்தில் இருக்கும். குறித்த நேரத்து ஸ்கேன் நடக்கும், நீங்களே கேட்டுச் செய்யும் ஸ்கேனும் வேலை செய்யும். வைரஸ் அடையாளங்களின் புதுப்பிப்பு (கேபி2267602) வந்துகொண்டே இருக்கும், இன்ஜின் இருக்கும் பிளாட்ஃபார்மின் புதுப்பிப்பும் (கேபி4052623) அப்படியே. பொத்தான்கூட நிரந்தரமாக அணைந்து கிடப்பதில்லை. ‘சிறிது நேரத்துக்குப் பின் தானாகவே மீண்டும் இயங்கும்’ என்று அதன் கீழேயே எழுதியிருக்கிறது. அவ்வளவு சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

கண்ணால் பார்த்துத் தெளிய விரும்பினால், ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் தேடி, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ மூலம் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில் எஃப், எல், டி, எம், சி (fltmc) என்று ஐந்தெழுத்தைத் தட்டி என்டர் கொடுங்கள். கோப்பு முறைமையின் வடிகட்டிகள் பட்டியலாக வரும். ‘ஆல்டிட்யூட்’ என்ற பத்தியில் 328010 என்று இருப்பது டிஃபெண்டரின் டபிள்யூடிஃபில்டர். ரியல்-டைம் அணைந்திருக்கும்போதும் அது அங்கேயே இருப்பதைக் காணலாம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

மூன்றாம் படி: எண்ட் டாஸ்க்கும் ரெஜிஸ்ட்ரி வித்தையும் ஏன் பலிப்பதில்லை

கணினிக்குள் நுழையும் ரான்சம்வேர் முதலில் செய்ய முயல்வது ஆன்டிவைரஸைக் கொல்வதுதான். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையைப் பிடித்துவிட்ட திருடனுக்கும் உண்மையான உரிமையாளருக்கும் உள்ள வித்தியாசம் விண்டோஸுக்குத் தெரியாது. அதனால் இருவருக்கும் சேர்த்தே கதவைப் பூட்டுகிறது.

விண்டோஸ் 8.1 முதல் ஆன்டிவைரஸ் சர்வீஸ்கள் ‘பாதுகாக்கப்பட்ட பிராசஸ்’ என்ற தகுதியில் ஓடலாம். அத்தகைய பிராசஸை அட்மினிஸ்ட்ரேட்டராலும் நிறுத்த முடியாது. சர்வீஸஸ் பட்டியலில் டிஃபெண்டர் வரிக்குப் போனால் ‘ஸ்டாப்’ பொத்தான் மங்கிக் கிடப்பதற்கும் இதுவே காரணம்.

2019-இல் வந்த ‘டாம்பர் புரொடெக்ஷன்’ இரண்டாவது பூட்டு. இது ஆன் ஆக இருக்கும்வரை, ஸ்கிரிப்ட் மூலமோ, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரி மூலமோ டிஃபெண்டரின் முக்கிய அமைப்புகளை மாற்றினால் விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. திரையில் உங்கள் கையால் மாற்றுவதை மட்டும் ஏற்கும்.

இணையத்தில் இன்றும் சுற்றும் பழைய வழி, ரெஜிஸ்ட்ரியில் ‘டிஸேபிள்ஆன்டிஸ்பைவேர்’ என்ற மதிப்பை 1 என்று வைப்பது. 2020 ஆகஸ்ட்டில் வந்த 4.18.2007.8 பதிப்பிலிருந்து வீட்டுக் கணினிகளிலும் அலுவலக டெஸ்க்டாப்களிலும் டிஃபெண்டர் அந்த மதிப்பைப் படிப்பதே இல்லை. நிர்வாகிகளுக்கான அமைப்புத் தொகுப்பான குரூப் பாலிசியில் உள்ள ‘டர்ன் ஆஃப் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ்’ என்பதும் அதே மதிப்பைத்தான் எழுதுகிறது. 2017-இல் எடுத்த வீடியோவைப் பார்த்து இதைச் செய்துவிட்டு, ‘செய்தேன், ஆனாலும் ஓடுகிறது’ என்று சொல்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்த கட்டமாகச் சிலர், குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் போய் சர்வீஸை முடக்குகிறார்கள், கோப்பின் பெயரை மாற்றுகிறார்கள், ‘டிஃபெண்டர் ரிமூவர்’ ஸ்கிரிப்ட்களை ஓட்டுகிறார்கள். இதைச் செய்யாதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்கிறோம். சில வாரங்கள் அமைதியாக இருக்கும். அடுத்த பிளாட்ஃபார்ம் அப்டேட் புதிய ஃபோல்டரில் புதிய கோப்புகளை இறக்கியதும் பாதி உயிர் வரும். பாதி உயிரோடு இருக்கும் டிஃபெண்டர் முழு டிஃபெண்டரைவிட மோசமானது. செக்யூரிட்டி பக்கம் வெறுமையாகத் திறக்கும், அப்டேட்கள் பிழை காட்டும், மீட்டெடுக்க விண்டோஸையே சரிசெய்து நிறுவ வேண்டி வரலாம்.

நான்காம் படி: இன்னொரு ஆன்டிவைரஸ் இருக்கிறதா?

விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘செட்டிங்ஸ்’, பிறகு ‘மேனேஜ் புரொவைடர்ஸ்’ என்று போங்கள். எந்த ஆன்டிவைரஸ் பொறுப்பில் இருக்கிறது என்று விண்டோஸ் கருதுகிறதோ, அது இங்கே தெரியும்.

மற்றொரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டு, தன்னை விண்டோஸ் செக்யூரிட்டி சென்டரில் பதிந்துகொண்டால், வீட்டுக் கணினியில் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிவிடும். அப்படியும் அது ஓடுகிறது என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்’ பக்கத்தின் கீழே, ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் ‘பீரியாடிக் ஸ்கேனிங்’ ஆன் ஆக இருக்கலாம். 2016-இன் ஆனிவர்சரி அப்டேட்டில் வந்த வசதி இது. அவ்வப்போது எழுந்து ஸ்கேன் செய்துவிட்டுப் போகும். வேண்டாமென்றால் அந்தப் பொத்தான் போதும். மற்றொரு காரணம், ஓராண்டு உரிமத்துடன் கடையில் போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸ் காலாவதியாகியிருக்கலாம். அப்போது டிஃபெண்டர் மீண்டும் பொறுப்பேற்கும், பழைய ஆன்டிவைரஸும் போகாமல் நிற்கும். இரண்டும் ஒரே கோப்பைச் சோதிக்கப் போட்டியிட்டால் கணினி நத்தை வேகத்துக்கு வந்துவிடும். ஒன்றைப் புதுப்பியுங்கள் அல்லது முழுதாக நீக்குங்கள்.

விண்டோஸ் சர்வரில் நிலைமை வேறு. அங்கே வேறு ஆன்டிவைரஸ் போட்டாலும் டிஃபெண்டர் தானாக ஒதுங்காது. நிர்வாகிதான் அதைப் பாஸிவ் (துணைக்கு மட்டும் ஓடும்) நிலைக்கு மாற்ற வேண்டும் அல்லது அந்த அம்சத்தை அகற்ற வேண்டும்.

மற்ற ஆன்டிவைரஸ்களுக்கும் அடுக்குக் கணக்கு ஒன்றுதான். கடிகாரம் அருகே உள்ள சின்னத்தில் ‘எக்ஸிட்’ கொடுத்தால் பெரும்பாலும் மூடுவது திரை மட்டும். 10 நிமிடம், ஒரு மணி நேரம், ரீஸ்டார்ட் வரை என்று தற்காலிகமாக நிறுத்தும் வசதி, கோப்புச் சோதனையை நிறுத்தும். வலைக் காவல், ஃபயர்வால், புதுப்பிப்பு போன்ற பகுதிகளுக்குத் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். ‘செல்ஃப்-டிஃபென்ஸ்’ என்ற தற்காப்பு அமைப்பு இருந்தால், அதை முதலில் அணைக்காமல் சர்வீஸை நிறுத்த முடியாது.

நீக்கிய பிறகும் எச்சம் ஓடுவது இங்கே அதிகம் நடக்கும். கன்ட்ரோல் பேனலிலிருந்து அன்இன்ஸ்டால் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, மேலே சொன்ன ஐந்தெழுத்துக் கட்டளையை மீண்டும் ஓட்டுங்கள். ஆன்டிவைரஸ் வடிகட்டிகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியிருக்கும் எண்கள் 320000 முதல் 329998 வரை. அந்த எல்லைக்குள் 328010 தவிர வேறு எண் தெரிந்தால், ஏதோ ஒரு ஆன்டிவைரஸின் டிரைவர் இன்னும் ஏறி நிற்கிறது. நீக்கியதாக நினைத்த ஆன்டிவைரஸின் நிறுவனத் தளத்திலேயே அதற்கான நீக்கக் கருவியை இறக்குங்கள். அவாஸ்ட், மெக்காஃபி, நார்ட்டன், ஈசெட், காஸ்பர்ஸ்கி ஆகியவை அனைத்தும் இதைத் தருகின்றன. ஈசெட்டின் கருவியைச் சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். அந்த டிரைவர் கோப்பைக் கையால் அழிக்காதீர்கள். ரெஜிஸ்ட்ரி இன்னும் அதைத் தேடும். விண்டோஸ் எழும்பாமலே போகலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதும் இந்தக் கர்னல் அடுக்கில்தான்.

ஐந்தாம் படி: உண்மையில் உங்களுக்கு வேண்டியது என்ன?

கணினி மெதுவாக இருப்பதால் அணைக்க நினைத்தால், எந்தக் கோப்பு நேரத்தைத் தின்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். கட்டளைகளைத் தட்டும் திரையான பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ‘நியூ-எம்பிபெர்ஃபார்மன்ஸ்ரெக்கார்டிங்’ (New-MpPerformanceRecording) கட்டளையை ‘ரெக்கார்ட்டு’ (-RecordTo) என்ற தெரிவோடு, சேமிக்க வேண்டிய கோப்பின் பெயரும் கொடுத்து ஓட்டுங்கள். பதிவு தொடங்கியதும் மெதுவாக நடக்கும் அந்த வேலையைச் செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். திரும்பி வந்து என்டர் அழுத்தினால் பதிவு முடியும். பிறகு ‘கெட்-எம்பிபெர்ஃபார்மன்ஸ்ரிப்போர்ட்’ (Get-MpPerformanceReport) கட்டளையில் அந்தக் கோப்பையும் ‘டாப்ஃபைல்ஸ் 10’ (-TopFiles 10), ‘டாப்பிராசஸஸ் 10’ (-TopProcesses 10) ஆகியவற்றையும் கொடுத்தால், டிஃபெண்டர் அதிக நேரம் செலவிட்ட பத்துக் கோப்புகளும் பத்துப் புரோகிராம்களும் வரிசையாக வரும். ஊகத்தில் முடிவெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பட்டியலில் நீங்கள் நம்பும் ஒரு ஃபோல்டர் திரும்பத் திரும்ப வந்தால், உதாரணமாக ஒரு விர்ச்சுவல் மெஷினின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) டிஸ்க் கோப்பு அல்லது கணக்கு மென்பொருளின் தரவு, அதற்கு மட்டும் விலக்கு கொடுங்கள். வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், எக்ஸ்குளூஷன்ஸ், ஆட் என்று போனால் ஃபோல்டரைச் சேர்க்கலாம். டவுன்லோட்ஸ், டெம்ப் ஃபோல்டர்களுக்கோ முழு சி டிரைவுக்கோ விலக்கு தரவே வேண்டாம், வைரஸ் வந்து இறங்கும் இடங்களே அவை. எம்எஸ்எம்பிஎன்ஜியையே விலக்குப் பட்டியலில் சேர்த்தால் வேகம் கூடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். ‘பிராசஸ்’ விலக்கு என்றால், அந்தப் புரோகிராம் திறக்கும் கோப்புகளை ரியல்-டைம் சோதனை விட்டுவிடும் என்றுதான் பொருள். அந்தப் புரோகிராம் ஓடாது என்று பொருளில்லை.

நீங்கள் எழுந்து போனதும் விசிறி இரைகிறது, திரும்பி வந்து மவுஸை அசைத்தால் அடங்குகிறது என்றால் அது குறித்த நேர ஸ்கேன். அதற்கான சிபியு வரம்பு இயல்பாக 50 சதவீதம். ஆனால் கணினி சும்மா இருக்கும்போது நடக்கும் ஸ்கேனுக்கு அந்த வரம்பு பொருந்தாது. யாரும் பயன்படுத்தவில்லை என்பதால் முழு வேகத்தில் முடிக்கப் பார்க்கும். இது தொந்தரவாக இருந்தால், டாஸ்க் ஷெட்யூலரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று இறங்கி, ‘விண்டோஸ் டிஃபெண்டர் ஷெட்யூல்டு ஸ்கேன்’ என்பதன் ‘டிரிகர்ஸ்’ பகுதியில் உங்களுக்கு வசதியான நாளையும் நேரத்தையும் குறியுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, மதிய உணவு வேளை என்று வைத்தால் யாருக்கும் இடையூறு இல்லை.

ஒரு மென்பொருளை நிறுவ விடாமல் தடுக்கிறது என்றால், ‘புரொடெக்ஷன் ஹிஸ்டரி’யில் அந்தப் பதிவைத் திறந்து, எந்தப் பெயரில் தடுத்தது என்று படியுங்கள். மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியிருந்து, சந்தேகமும் இல்லையென்றால், அங்கேயே ‘அலவ்’ கொடுக்கலாம். ‘நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்’ என்று ஒரு கோப்பு தன்னோடு குறிப்பு கொண்டுவந்தால், அதை நிறுவாமல் இருப்பதே நல்லது.

உங்கள் சொந்தக் கணினியில் ‘இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று வந்தால், நிறுவனம் எதுவும் இல்லாவிட்டாலும் யாரோ ரெஜிஸ்ட்ரியில் கை வைத்திருக்கிறார்கள். வேகப்படுத்தும் ஸ்கிரிப்ட்டாக இருக்கலாம், உரிமம் வாங்காமல் மென்பொருளை இயக்கவைக்கும் திருட்டு ஆக்டிவேட்டராகவும் இருக்கலாம். ஆக்டிவேட்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள விலக்குப் பட்டியலில் தங்கள் ஃபோல்டரைச் சேர்த்துவிடுவதுண்டு. அந்தப் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேர்க்காத ஒவ்வொன்றையும் நீக்குங்கள். பிறகு ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறும் முன்பே சோதனை நடக்கும்.

கடைசிப் படி: நிலையைச் சரிபார்த்தல்

பவர்ஷெல்லில் ‘கெட்-எம்பிகம்ப்யூட்டர்ஸ்டேட்டஸ்’ (Get-MpComputerStatus) கட்டளையை ஓட்டுங்கள். ‘ஏஎம்ரன்னிங்மோட்’ வரியில் ‘நார்மல்’ என்றிருந்தால் டிஃபெண்டரே முழுப் பொறுப்பில் இருக்கிறது. ‘பாஸிவ்’ என்றால் வேறொன்று முதன்மையாக இருக்க, இது துணைக்கு ஓடுகிறது. அதே பட்டியலில் ‘ரியல்டைம்புரொடெக்ஷன்எனேபிள்டு’, ‘இஸ்டாம்பர்புரொடெக்டட்’ இரண்டும் ட்ரூவா ஃபால்ஸா என்று பாருங்கள். சர்வீஸே நின்றிருந்தால் கட்டளை பிழைச்செய்தி தரலாம்.

செயல்முறையிலும் சோதிக்கலாம். ஆன்டிவைரஸ்களைச் சோதிக்க ஐகார் (EICAR) அமைப்பு தரும் 68 எழுத்துச் சோதனை வரி, ஆன்டிவைரஸ்கள் வைரஸாகக் கருத ஒப்புக்கொண்ட தீங்கற்ற எழுத்துத் தொடர். ரியல்-டைம் அணைந்திருக்கும்போது அந்த வரியை ஐகார் தளத்திலிருந்து எடுத்து, நோட்பேடில் ஒட்டி, டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். எந்த எதிர்ப்பும் வராது. அந்தக் கோப்பின் மீது ரைட்-கிளிக் செய்து ‘ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்’ கொடுத்தால் உடனே பிடிபடும். அணைந்தது எது, விழித்திருப்பது எது என்று இந்த ஒரு நிமிடச் சோதனை காட்டிவிடும். முடிந்ததும் ரியல்-டைமை ஆன் செய்துவிட்டு அதே வரியை இன்னொரு பெயரில் சேமித்துப் பாருங்கள். இந்த முறை சில நொடிகளிலேயே டிஃபெண்டர் அதைப் பிடித்து, அறிவிப்பும் காட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் டெஸ்க்டாப் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.